பழுப்பு ஏலின் சுவையாய்வும் சுவைச் சொற்களும்

1. தோற்றுவாய்

மக்கள் பருகும் பொருள்களுக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர்கள் பல. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி, அரியல் என்பன சங்க நூல்களிற் பயிலக் காண்கின்றோம். இவற்றுட் பல, பொருளின் தன்மையையோ அஃது ஆக்கப்பெறும் முறையையோ அடியாகக் கொண்டு பிறந்தவை. தெளிந்தது தேறல், பிழியப்பட்டது பிழி, அரிக்கப்பட்டது அரியல். இங்ஙனம் நுணுக்கமாகப் பெயரிட்ட மொழியில், இன்று அயல்நாட்டுப் பானம் ஒன்றைப் பற்றி எழுத நேரும்போது 'மது' என்ற ஒரு சொல்லோ 'பீர்' என்ற ஒரு சொல்லோ எல்லாவற்றிற்கும் போதுமெனக் கருதப்படுகின்றது. அப்பானத்தின் சுவையைக் கூற வேண்டிய இடத்தில் 'இனிமையாக இருந்தது', 'கசந்தது' என்பவற்றிற்கு மேல் எழுத்து செல்வதில்லை.

மேலைநாடுகளில் உணவின் சுவையை அளந்து கூறுதல் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் நெறியை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்கி, அதனைத் தமிழிற் கூறுதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் உளவா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது இங்கிலாந்து நாட்டிற் பிறந்த பழுப்பு ஏல் என்னும் பானம். இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மிக்க கைப்புடைய பானத்தையும் மிக்க கருநிறமுடைய பானத்தையும் விளக்குதல் எளிது. ஒரு பண்பு மேலோங்கி நிற்றலின் அதனைச் சுட்டினாற் போதும். பழுப்பு ஏலில் எப்பண்பும் மேலோங்குவதில்லை. இனிப்பும் கைப்பும், வறுவல் மணமும் கனி மணமும் ஒன்றையொன்று விஞ்சாது நிற்றலே அதன் சிறப்பு. ஆதலின் சொல்லின் வன்மை இங்கே நன்கு சோதிக்கப்படுகின்றது.

கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்த நூலைப் போற்றும் நாம் இப்பொருளை எடுத்துக்கொள்ளுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். நஞ்சின் இயல்பை ஆராயும் மருத்துவன் நஞ்சுண்ண ஏவுவானல்லன். ஈண்டு ஆராயப்படுவது சுவையைச் சொல்லும் முறையே. குடியைப் பரிந்துரைத்தல் அன்று.

2. பழுப்பு ஏல் என்பது யாது?

முளைகட்டி உலர்த்திய பார்லியே பீர் வகைகட்கெல்லாம் முதற்பொருள். அம்முளைத் தானியத்தை மால்ட் என்பர். அதனை இடித்து வெந்நீரிற் கலந்து வைப்பின், தானியத்திலுள்ள நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். வடித்த இனிய நீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவுடன் கொதிக்க வைத்து ஆற்றி, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவிடுவர். ஈஸ்ட், சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுகின்றது. மிதமான வெப்பத்தில், பெரும்பாலும் 15 முதல் 24 பாகை செல்சியசுக்குள், விரைந்து புளிப்பது ஏல். குளிர்ந்த நிலையில் மெல்லப் புளித்து நெடுநாள் கிடப்பது லாகர். ஏலின் ஈஸ்ட் கனிமணம் தரும் பொருள்களை மிகுதியாகத் தோற்றுவிக்கும்; லாகர் அவ்வகையில் அடங்கியது.

ஏல் என்ற சொல் பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது. ஹாப்ஸ் இடாத பானத்திற்கே அப்பெயர் உரியதாயிருந்தது. 15 ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பியத் தாழ்நிலப் பகுதிகளிலிருந்து ஹாப்ஸ் இட்ட பானம் இங்கிலாந்திற் பரவியபோது, அதனைப் பீர் என வேறுபடுத்தி வழங்கினர். நாளடைவில் ஏலிலும் ஹாப்ஸ் புகுந்தது, வேறுபாடு பொருளிழந்தது. சொல் நிற்கப் பொருள் மாறும் இயல்புக்கு இஃது ஒரு சான்று.

18 ஆம் நூற்றாண்டில் இலண்டனிற் பழுப்பு மால்ட்டால் ஆகிய கருமை சார்ந்த பானங்களே பெருவழக்காயிருந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நீர்மத்தின் அடர்வை அளக்கும் கருவி ஆலைகளிற் புகுந்தது. வெளிர்நிற மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை பழுப்பு மால்ட்டினதைவிட மிகுதி என்பதை அக்கருவி காட்டிற்று. அதன்பின் பழுப்பு மால்ட் தன் முதலிடத்தை இழந்தது. 1817 இல் டேனியல் வீலர் என்பார் உருளையில் வறுத்துக் கருக்கிய மால்ட்டிற்குத் தனியுரிமை பெற்றார். சிறிதளவு கருமால்ட் சேர்த்தே நிறம் வருவிக்கும் வழி இதனால் திறந்தது.

இன்று பழுப்பு ஏல் எனப்படுவது பெரும்பான்மையும் 20 ஆம் நூற்றாண்டின் வடிவமே. இலண்டனின் மான் நிறுவனம் புட்டியில் அடைத்து விற்ற ஏல் இனிமை மிக்கது. ஆல்ககால் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைந்தது. வடக்கே, டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரில் ஜிம் போர்ட்டர் என்பார் உருவாக்கி 1927 இல் வெளிவந்த நியூகாசில் பழுப்பு ஏல், நூற்றுக்கு 4.7 ஆல்ககாலும் உலர்ந்த முடிவும் உடையது. யார்க்சயரைச் சேர்ந்த டாட்காஸ்டர் ஊரின் சாமுவேல் ஸ்மித் ஆலையும் இவ்வடபால் வகையில் ஓர் ஏலை வழங்குகின்றது. எனவே தென்பால் வகை, வடபால் வகை என இரண்டாகப் பகுத்தல் மரபாயிற்று. மூன்றாவது வகை அமெரிக்காவிற் பிறந்தது. அதனைப் பின்னர்க் காண்பாம்.

3. நிறமும் சுவையும் பிறக்கும் வகை

பழுப்பு ஏலின் நிறத்தையும் சுவையையும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சி தோற்றுவிக்கின்றது. அது மால்ட்டை உலர்த்தியும் வறுத்தும் வெம்மையூட்டுதலே. புரதக்கூறும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடிப் பழுப்பு நிறமும் புதுமணமும் தோற்றுவிக்கும் வினையைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912 இல் விளக்கினார். ரொட்டியின் மேற்றோல் சிவத்தலும், காப்பிக்கொட்டை வறுபடுங்கால் மணத்தலும், தோசையின் ஓரம் முறுகுதலும் இவ்வினையின் பாற்படும்.

மால்ட்டின் வகைக்கேற்பச் சுவை வேறுபடும். மெல்ல உலர்த்திய வெளிர் மால்ட் ரொட்டியின் உள்ளீடு போன்ற சுவை தரும். அதனினும் சிறிது மிகச் சூடேற்றியது ரொட்டித்தோலையும் பிஸ்கோத்தையும் நினைப்பிக்கும். கிரிஸ்டல் மால்ட் என்பதனை ஈரத்தோடு புழுக்குவர். மாப்பொருள் தானியத்தினுள்ளேயே சர்க்கரையாகும். பின் வறுக்குங்கால் அச்சர்க்கரை பாகாகி இறுகும். இதன் ஒரு பகுதியை ஈஸ்ட் உண்ணமாட்டாது. ஆதலின் பானத்தில் இனிப்பும் பருமையும் எஞ்சும். நன்கு கருக வறுத்தது சாக்கலேட் மால்ட். பெயர் நிறம்பற்றியும் மணம்பற்றியும் வந்ததேயன்றி, அதில் சாக்கலேட் கலப்பில்லை. இது சிறிதளவே இடப்படும். மிகின் காப்பியின் கைப்பும் கரிச்சுவையும் மேலெழுந்து பானம் வேறோர் இனமாகிவிடும்.

இங்குச் சொல்லாய்வார் கருதத்தக்கது ஒன்றுண்டு. கொட்டையின் நிறமுடைய ஏல் என்னும் வழக்கு ஆங்கிலத்திற் பழமையானது. 1645 இல் அச்சேறிய மில்டனின் 'லலெக்ரோ' என்னும் பாட்டிலும் அது காணப்படுகின்றது. அங்குக் கொட்டை என்பது நிறத்திற்கு உவமை. இக்காலச் சுவையறிஞரோ வறுத்த பாதாம், ஹேசல் முதலிய கொட்டைகளின் சுவை பழுப்பு ஏலில் உண்டு என்கின்றனர். பானத்தில் கொட்டை இடப்படுவதில்லை. வறுத்த மால்ட்டும் வறுத்த கொட்டையும் ஒத்த மணப்பொருள்களைப் பெற்றிருத்தலே காரணம். கண்ணுக்குரிய உவமை வேறு, நாவுக்குரிய உவமை வேறு. இரண்டையும் ஒரே சொல் தாங்கி நிற்றலின், மொழிபெயர்ப்பார் இடமறிந்து பிரித்துணர்தல் வேண்டும்.

4. மதிப்பிடும் முறை

மதிப்பீட்டில் முதற்கண் வேண்டுவது சூழலின் தூய்மை. புகை, நறுநெய், சமையல் மணம் ஆகியன அகல வேண்டும். கண்ணாடிக் குவளையில் எண்ணெய்ப் பசையோ சவர்க்காரமோ இருப்பின் நுரை நில்லாது. பழுப்பு ஏலை மிகக் குளிர வைத்தல் தவறு. குளிர்ச்சி மணப்பொருள்கள் எழுவதைத் தடுக்கும். நாவையும் மரக்கச் செய்யும். ஏறக்குறைய 10 முதல் 13 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. குவளையில் மூன்றிலொரு பங்கே வார்ப்பர். எஞ்சிய இடம் மணம் திரள்வதற்காக.

புலன்களின் வரிசையும் கருதத்தக்கது. ஆசிரியர் தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவுபற்றி வகுக்குங்கால் உடம்பு, நா, மூக்கு, கண், செவி, மனம் என்னும் முறையில் ஒன்றன்மேலொன்றாக ஏற்றிக் கூறினார். சுவை மதிப்பீட்டாளன் செல்லும் முறை வேறு. எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் வார்த்த சில நொடிகளிலேயே அகன்றுவிடுமாதலின் அவன் முதலில் மூக்கை ஏவுகின்றான், பின் கண், பின் நா, பின் வாயின் ஊறு, இறுதியில் மனம். செவிக்கு இங்கு இடம் மிகச் சிறிது.

1985 இல் அமெரிக்காவிற் தோன்றிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். அவற்றுள் மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயின் ஊற்றிற்கு 5, தொகைமதிப்பிற்கு 10 எனப் பகுப்பர். தோற்றத்திற்கு மூன்றே வழங்கியமை நோக்கத்தக்கது. கண் எளிதில் ஏமாற்றும். கருநிறம் கண்டார் இல்லாத கைப்பையும் உண்டெனக் கருதுவர். அதனாற் கண்ணின் ஆட்சியை இவர்கள் அடக்கி வைத்தனர்.

எனினும் நிறம் அளக்கப்படாமல் விடப்படவில்லை. ஆலைத்தொழில் வல்ல லோவிபாண்ட் என்னும் ஆங்கிலேயர் வண்ணக் கண்ணாடித் தகடுகளோடு ஒப்பிட்டு நிறத்தை எண்ணாற் கூறும் கருவியை 1885 ஐ ஒட்டி உருவாக்கினார். இன்று குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளி பானத்தில் எவ்வளவு ஈர்க்கப்படுகின்றது என்பதைக் கொண்டு கணிக்கின்றனர். அமெரிக்க அளவின்படி ஆங்கிலப் பழுப்பு ஏலின் நிறம் 12 முதல் 22 வரை. இலண்டன் வகை 22 முதல் 35 வரை. பழுப்பு என ஒரு சொல்லால் நாம் குறிப்பது, செம்பொன் கலந்த கபிலநிறம் முதல் கருமை தோய்ந்த பழுப்பு வரை விரிந்துள்ளது என்பது இவ்வெண்களாற் போதரும்.

5. ஆறுசுவையும் ஏலும்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு எனச் சுவை ஆறென்பது நம் மரபு. மேலைநாட்டார் முதல் நான்கையே நெடுங்காலம் கொண்டிருந்தனர். 1908 இல் சப்பானிய அறிஞர் இக்கெடா, கடற்பாசிச் சாற்றை ஆய்ந்து உமாமி என ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார். நாவின் நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு எனச் சுவைகளுக்கு இடம் பகுத்துக் காட்டும் படம் பாடநூல்களிற் பரவியிருந்தது. அது பிழையென இன்று தெளிந்துள்ளனர். எல்லாச் சுவையும் நாவின் சுவைமொட்டுகள் உள்ள பகுதிகளிலெல்லாம் உணரப்படும்.

இவ்வறிவியற் பகுப்பின்படி கார்ப்பும் துவர்ப்பும் சுவையல்ல. மிளகின் காரம் நரம்பு உணரும் வெம்மையுணர்ச்சி. கடுக்காயின் துவர்ப்பு, உமிழ்நீரிலுள்ள புரதம் திரண்டு வாய் வறளுதலாகிய தொட்டுணர்ச்சி. ஆகவே நம் ஆறனுள் இரண்டு ஊற்றுணர்ச்சியின்பாற் படும். இதனால் நம் பகுப்பு குறையுடைத்து எனக் கொள்ளல் வேண்டா. உண்பான் வாயில் ஒருங்கே உணர்வதனை ஒருங்கே வகுத்தது நம் மரபு. உறுப்பும் நரம்பும் பற்றிப் பிரித்தது அறிவியல். இரண்டின் நோக்கமும் வேறு. ஏலை மதிப்பிடுங்கால் துவர்ப்பை ஊற்றின்கீழ் எழுதுவதே நெறி. தானியத்தின் உமியிலிருந்து மிகுதியாக வடிந்த துவர்ப்பு ஆக்கப்பிழையைக் காட்டுமாதலின் அதனைக் கைப்போடு மயக்குதல் பெருந்தவறாம்.

பழுப்பு ஏலின் உயிர்நிலை இனிப்புக்கும் கைப்புக்கும் உள்ள சமநிலையே. ஹாப்ஸ் பூவிலுள்ள அமிலங்கள் கொதியில் உருமாறிக் கைப்பைத் தருகின்றன. கைப்பை அலகிட்டுக் கூறுவர்: ஆங்கிலப் பழுப்பு ஏலுக்கு 20 முதல் 30; இலண்டன் வகைக்கு 15 முதல் 20. இலண்டன் வகையில் ஆல்ககால் 2.8 முதல் 3.6 வரையே, ஆங்கில வகையிலோ 4.2 முதல் ஏறத்தாழ 5.5 வரை செல்லும். ஆயினும் மெலிந்த இலண்டன் ஏலே இனிப்பு மிக்கது. காரணம் எளிது. புளிக்குமுன் அதன் அடர்வு நீரைவிட 33 முதல் 38 ஆயிரத்தொரு கூறு மிகுதி. புளித்தபின்னும் 12 முதல் 15 எஞ்சி நிற்கும். அஃதாவது கரைந்திருந்ததில் ஐந்தில் மூன்று பங்களவே குறைந்தது. வடபால் வகையில் 40 முதல் 52 வரை இருந்தது 8 முதல் 13 வரை இறங்கும். நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் இறங்குகின்றது. எஞ்சிய சர்க்கரை சிறிதாகவே வாய் உலர்ந்து முடிகின்றது. 'உலர்ந்த முடிவு' என்பது நீரின்மையன்று, இனிப்பின்மை என்பதைத் தமிழ்படுத்துவோர் நினைவிற் கொள்க.

நாவாற் சுவைத்த பின் விழுங்குதலும் மதிப்பீட்டின் ஒரு பகுதி. விழுங்குங்கால் மணம் தொண்டையின் வழி மூக்கை அடைகின்றது. நாம் சுவை எனக் கூறுவனவற்றுட் பெரும்பகுதி இங்ஙனம் பின்வழிச் சென்ற மணமே. சளி பிடித்தவர்க்கு உணவு சுவையாமை இதனால் விளங்கும்.

6. வழுவும் வழுவமைதியும்

குற்றங்களை அறிதல் மதிப்பீட்டின் மறுபாதி. வெண்ணெய் மணம் தோன்றுமாயின் டையசிட்டைல் என்னும் பொருள் எஞ்சியது என்க. ஈஸ்ட் தன் வினையை முடிக்குமுன் பிரிக்கப்பட்டிருக்கலாம். பச்சை ஆப்பிளின் மணம் அசிட்டால்டிகைடால் வருவது. பானத்தின் இளமையைக் காட்டும். வேகவைத்த சோள மணம் கந்தகப் பொருளொன்றால் ஆவது. கொதி போதாமை காரணமாகலாம். நனைந்த அட்டையின் மணம் உயிர்வளி பட்டுப் பழமையடைந்ததன் அறிகுறி. ஒளி பட்ட ஏல் அழுகுநாற்றம் வீசும். ஹாப்ஸின் கைப்புப் பொருள் ஒளியிற் சிதைந்து கந்தகப் பொருளாதலே காரணம். பழுப்புக் கண்ணாடி இதனைப் பெரிதும் தடுக்கும். நிறமில்லாப் புட்டி தடுக்காது.

இக்குற்றங்கள் எல்லாம் எங்கும் குற்றமாவனவல்ல. வாழைப்பழ மணம் பவேரியக் கோதுமைப் பீருக்கு அணி. பழுப்பு ஏலுக்குப் பிழை. சிறிதளவு வெண்ணெய் மணத்தை ஆங்கில ஏல்கள் சிலவற்றிற் பொறுப்பர், லாகரிற் பொறார். இலக்கண நூலார் வழுவும் கூறி, இடம் நோக்கி வழுவமைதியும் கூறினமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஒரு பொருள் வழுவாவது தன்னளவில் அன்று; எம்மரபில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தே ஆகும்.

7. சொல்லாக்கம்

வருணனை வேறு, மதிப்பு வேறு. 'அருமை', 'இனிமை', 'மோசம்' என்பன மதிப்புச் சொற்கள். சொல்வான் மனத்தைக் காட்டுவனவன்றிப் பொருளைக் காட்டமாட்டா. 'வறுத்த ரொட்டித்தோலின் மணம், நடுத்தர அளவில்' என்பது வருணனை. மற்றொருவர் அதனைச் சோதித்தறியலாம். வருணனை முன்னும் மதிப்பு பின்னும் வரல் வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி.

பீர் ஆய்வில் இவ்விதியை நிலைநாட்டப் பெரிதும் உழைத்தவர் மெயில்கார்ட் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர். 1970 களில் அவரும் உடனாய்வாளரும் சுவைச் சொற்களை 14 வகுப்புகளாகத் தொகுத்து 122 தனிச்சொற்களை ஒரு சக்கர வடிவில் அமைத்தனர். அச்சொற்களின் சிறப்பு, இயன்றவரை ஒவ்வொன்றிற்கும் ஒப்பிடுபொருள் ஒன்று காட்டப்பட்டமை. வெண்ணெய் மணம் என்றால், அதனைத் தரும் பொருளைத் தூய பானத்திற் சிறிதளவு கலந்து மாணவர்க்குக் காட்டுவர். சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டுமன்றிக் குவளையிலும் கிடைக்கின்றது.

சொன்னவர் உண்மையில் உணர்ந்தே சொன்னாரா என அறியவும் ஒரு வழியுண்டு. மூன்று குவளைகளில் இரண்டிற்கு ஒரே பானமும் ஒன்றிற்கு வேறு பானமும் வார்த்து, வேறானது எதுவெனக் கேட்பர். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் 1940 களில் வளர்ந்த முறை இது. கண்மூடித்தனமாகச் சொல்லினும் மூன்றில் ஒரு முறை சரியாகும். அதற்கு மேற்பட்டுச் சரியாகும் அளவே உண்மையுணர்வின் அளவு.

தமிழில் இதற்கு வேண்டும் சொற்களில் அடிப்படையானவை நம்மிடம் உள்ளன. ஆயினும் மூன்று இடர்ப்பாடுகள் உண்டு.

முதலாவது, பொதுச்சொல் இழிந்த பொருளிற் சுருங்கியமை. வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்து நாற்றம் என்பது மணப்புலனைப் பொதுவாகச் சுட்டிற்று. இன்றோ அது தீநாற்றத்தையே சுட்டும். அறிவியலுக்கு நன்மை தீமை சாராத சொல் வேண்டும். மணம் என்பது நன்மை சார்ந்தது. வாசனை வடசொல்லாயினும் பொதுமை உடையது. ஆய்வுக் கட்டுரைகளில் நாற்றத்தைப் பழைய பொதுப்பொருளில் மீட்டெடுத்தல் ஒரு வழி. 'மணம்' என்பதையே பொதுவாக்கி, 'நன்மணம்', 'தீமணம்' என அடைகொடுத்தல் மற்றொரு வழி. வழக்கை நோக்கின் பின்னதே எளிது.

இரண்டாவது, வாயின் தொட்டுணர்ச்சியைக் குறிக்கும் சொல். பருமை, வழவழப்பு, கரியமிலவாயுவின் குத்தல், ஆல்ககாலின் வெம்மை, துவர்ப்பின் வறட்சி ஆகிய எல்லாவற்றையும் அடக்கும் பெயராகச் சிலர் 'வாயுணர்வு' என நேரே மொழிபெயர்ப்பர். தொடுபுலனுக்கு நம் நூல்கள் வழங்கிய ஊறு என்ற சொல்லே போதியது. 'வாயூறு' என்பின் எச்சில் ஊறுதலோடு மயங்கும். ஆகலின் 'வாயின் ஊறு' என விரித்து எழுதுக.

மூன்றாவது, உவமை. ஆங்கிலேயர் டாஃபி, ட்ரீகிள், ஹேசல் கொட்டை எனத் தம் சமையலறைப் பொருள்களைச் சுட்டுகின்றனர். அவற்றை அப்படியே எழுத்துப்பெயர்த்தால் படிப்பார்க்கு ஒன்றும் தோன்றாது. நம் பொருள்களை இட்டால் தோன்றும். ஆனால் பிழைபடத் தோன்றலாம். ட்ரீகிளுக்குக் கருப்பட்டிப் பாகு அண்மையதெனினும், கருப்பட்டியின் புகைவாடை ட்ரீகிளில் இல்லை. ஹேசலுக்கு வறுத்த வேர்க்கடலையை இடின் பருப்பின் பச்சைமணம் மிகும். வறுத்த முந்திரி சற்று நெருங்கும். எனவே உவமையை மாற்றுங்கால் எதனைக் கழித்துக் கொள்ள வேண்டும் என்பதையும் உடன் கூறுதல் மொழிபெயர்ப்பாளன் கடமை: 'புகைவாடையற்ற கருப்பட்டிப் பாகு போன்றது' என்க.

இந்நெறியில் வடபால் வகையைச் சார்ந்த நல்லதொரு பழுப்பு ஏலைத் தமிழில் விவரிப்பின் இங்ஙனம் அமையும்:

மணம்: வறுத்த ரொட்டித்தோல் நடுத்தரம், கொட்டை வறுவல் குறைவு, இளம்பாகு குறைவு, கனிமணம் மிகக் குறைவு, ஹாப்ஸின் மண்சார்ந்த மணம் அரிதின் உணரத்தக்கது. தோற்றம்: செம்மை கலந்த கபிலம், தெளிவுடையது, நுரை வெண்மை மங்கியது, சிறிது நேரம் நிற்கும். சுவை: தொடக்கத்தில் மென்மையான இனிப்பு, இடையில் ரொட்டித்தோலும் கொட்டையும், கைப்பு இனிப்பைத் தாங்கும் அளவினது, முடிவு உலர்ந்தது, பின்சுவையில் வறுவல் எஞ்சும். வாயின் ஊறு: பருமை நடுத்தரத்திற்குச் சற்றுக் கீழ், குத்தல் மிதம், துவர்ப்பு இல்லை. தொகைமதிப்பு: கூறுகள் ஒன்றையொன்று விஞ்சவில்லை; மரபிற்கு இயைந்தது.

இவ்விவரத்தில் 'நன்று' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் பானம் நன்றென்பது படிப்பார்க்குப் புலனாகின்றது.

8. இலக்கியமும் இலக்கணமும்

மரபிற்கு இயைந்தது என்றோம். அம்மரபை வரையறுத்தவர் யார்? பீர்களை வகைபிரித்து விளக்குதலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றவர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர். 1977 இல் அவரது உலகப் பீர் வழிகாட்டி வெளிவந்தது. நடுவர்கள் கையாளும் வகைக்குறிப்புகள் அவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவை. ஆலைகள் முன்னரே ஆக்கி வழங்கிய பானங்களைக் கண்டே இவை வகுக்கப்பட்டன. இலக்கியம் முன், இலக்கணம் பின் என்னும் முறை இங்கும் உண்மையாகின்றது.

இலக்கணம் தோன்றியபின் அதனை மீறும் இலக்கியமும் தோன்றும். அமெரிக்காவில் 1978 இல் வீட்டில் பீர் ஆக்குதலுக்கு நாடளாவிய சட்டத் தடை நீக்கப்பட்டது. வீட்டிலும் சிற்றாலைகளிலும் ஆக்கியோர் ஆங்கிலப் பழுப்பு ஏலை மாதிரியாகக் கொண்டு, தம் நாட்டு ஹாப்ஸை மிகுதியாகப் பெய்தனர். 1986 இல் வெளிவந்த பீட்ஸ் விக்கெட் ஏல் இவ்வகையிற் புகழ்பெற்றது. 2011 இல் அதன் ஆக்கம் நின்றது. ஆங்கில இலக்கணத்தால் அளப்பின் ஹாப்ஸ் மணம் மிக்க இது வழுவேயாகும். ஆனால் அவ்வழு பலராற் பேணப்பட்டு, அமெரிக்கப் பழுப்பு ஏல் எனத் தனி வகையாயிற்று. இன்று அதனைச் சுவைப்போர் அதற்குரிய இலக்கணத்தாலேயே அளக்கின்றனர்.

இடத்தாற் பெற்ற பெயரும் ஆராய்ச்சிக்குரியது. நியூகாசில் பழுப்பு ஏலுக்கு 2000 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பெயர்க்காப்பு வழங்கிற்று. அந்நகரில் ஆக்கப்படுதல் அதன் வரையறையுட் சேர்ந்தது. 2005 இல் ஆக்கம் ஆற்றின் மறுகரையிலுள்ள கேட்ஸ்ஹெட்டுக்கு மாறியது. தனக்கென நாடிப் பெற்ற காப்பே தடையாகிவிடவே, நிறுவனமே அதனை விலக்க வேண்டிற்று. 2007 இல் அது நீக்கப்பட்டது. 2010 இல் ஆக்கம் யார்க்சயரின் டாட்காஸ்டருக்கே சென்றது. பெயர் மட்டும் நியூகாசில் என்றே நின்றது. இடுகுறியாய் நிற்கும் காரணப்பெயர் எனக் கூறத்தக்கது இது. நாக்கால் அளப்பான் இப்பெயரைக் கருதுதல் கூடாது. குவளையில் உள்ளதனையே கருதல் வேண்டும். நடுவர்கள் பெயர் மறைத்துச் சுவைப்பது இதுபற்றியே.

9. பழந்தமிழ்ச் சான்று ஒன்று

தானியத்தைப் புளிக்கவைத்து ஆக்கும் பானம் தமிழர்க்குப் புதிதன்று. தோப்பி என்பது நெல்லாற் செய்த கள் என்பது உரைமரபு. பெரும்பாணாற்றுப்படை, அரிசியைக் களியாக்கி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, நல்லடை எனப்படும் பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்து அரிக்கும் முறையை வரிசையாகக் கூறுகின்றது. நல்லடையை முளைத் தானியமாகக் கொள்ளும் உரை பொருந்துமாயின், மாப்பொருளைச் சர்க்கரையாக்க முளையின் நொதியைப் பயன்படுத்தும் அடிப்படை நெறி ஆங்கில ஏலுக்கும் நம் அரிசிப் பிழிக்கும் பொதுவாகின்றது. ஆற்றிய பின்னரே கலத்தல், குறித்த காலம் விளையவிடல், அரித்தல் என்னும் படிகள் இரண்டிலும் ஒத்துள்ளன.

இவ்வொப்புமை கொண்டு ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது எனக் கூறல் ஏலாது. தானியம் விளைத்த மக்கள் பலரும் தனித்தனியே கண்ட நெறி இது. நாம் கொள்ளத்தக்க பயன் வேறு. ஆக்கும் முறையை இத்துணை நுணுகி நோக்கிய புலவர் தம் சொல்லைப் பொருளினின்று பிரியவிடவில்லை. பாத்திரத்தின் வாயும், விளைவின் காலமும், அரிக்கும் விரலும் பாட்டில் இடம்பெற்றன.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: பழுப்பு ஏல் என்பது ஒரு பொருளன்று, மூன்று மரபுகளைத் தழுவிய ஓரினம், அதனை மதிப்பிடுதல் மணம், தோற்றம், சுவை, ஊறு, தொகைமதிப்பு என்னும் ஐந்து கூறுகளில் வருணனையை முற்படுத்திச் செய்வது, வழு என்பது மரபு நோக்கியே துணியப்படுவது, இவற்றைக் கூறத் தமிழில் அடிப்படைச் சொற்கள் உள்ளன, ஆனால் பொருட்சுருக்கமும் உவமை மாற்றமும் கருத்துடன் கையாளப்படல் வேண்டும்.

இச்சொல்வளம் பீருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுக் காப்பியும் தேயிலையும் நல்லெண்ணெயும் அரிசி வகைகளும் அயலாரின் சுவைச் சொற்களாலேயே தரம் பிரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. தம் விளைபொருளின் சுவையைத் தம் மொழியில் துணிந்து சொல்லமாட்டாத மக்கள், அதன் விலையைப் பிறர் சொல்லக் கேட்டிருக்க நேரும். ஆகலின் சங்க நூல்களிலும், மருத்துவ நூல்களிலும், ஊர்வழக்கிலும் கிடக்கும் சுவை, மணம், ஊறு பற்றிய சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒப்பிடுபொருள் காட்டி வரையறுக்கும் அகராதி ஒன்று செய்யப்பெறல் வேண்டும். பட்ட வகுப்பு மாணவர் தத்தம் ஊர்வழக்கினின்று இத்தொகுப்பைத் தொடங்கலாம்.